கெங்கம்மா வண்டியின் மஞ்சள் விளக்கு

மீன் ஏற்றும் வண்டியை யாரும் அப்படியே கொண்டுவந்து மெக்கானிக்கிடம் விடமாட்டார்கள், மேடம். பெட்டிகளை இறக்கி, பின்பக்கம் முழுக்கத் தண்ணீர் அடித்து, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் காயவிடுவார்கள். கடைசியில் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் இதுதான் வழக்கம். டாக்டரிடம் போகும்போது குளித்துவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாரியப்பனின் வக்கீலாகக் கேஸை நடத்துவது நீங்கள். நாளைக்குக் கோர்ட்டில் 'தப்பு என்னுதுதான்' என்று அவன் ஒத்துக்கொள்ளப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நிதானமாகச் சொல்கிறேன், நடுவில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள்.

என் பெயர் ஜெரி. திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெட்ரோல் வண்டி எதுவானாலும் பார்ப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வட்டாரத்தில் எனக்குக் கைராசிக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. மற்றவர்கள் பார்த்துக் கைவிட்ட வண்டிகள் என்னிடம் வரும். ஸ்கேனரை மாட்டி, அது சொல்வதைப் படித்துவிட்டு, அதை அப்படியே நம்பாமல் நானும் ஒரு தடவை யோசிப்பேன். இதுதான் என் வேலை.

கெங்கம்மாவை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருப்பீர்கள். முகத்துவாரக்குப்பத்துக்காரி. விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஐஸ் கொட்டிப் பெட்டி கட்டி, எக்ஸ்பிரஸ் ரோடு வழியாக மீஞ்சூர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பாள். புருஷன் கடலோடு போய்விட்டான். ஒரே மகள் ராமசெல்வி. அவளைத் தான் எடுத்து வளர்த்த தம்பி மகன் மாரியப்பனுக்கே கட்டிக்கொடுத்து, அவனையே வண்டிக்கு டிரைவராகவும் வைத்துக்கொண்டாள். வண்டி பழசு. முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் சின்ன வேன். மாரியப்பன் ஓட்டுவான், பக்கத்தில் கெங்கம்மா வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருப்பாள், பின்னால் மீன் பெட்டிகள் இருக்கும்.

என் அப்பா சிலுவைமுத்துவும் கெங்கம்மாவின் புருஷனும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். அதனால் அவளுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒர்க்‌ஷாப்பில் யார் இருந்தாலும் சரி, வாசலில் நின்றுகொண்டு, "சிலுவமுத்து மவனே, உள்ள கீறியா?" என்றுதான் குரல் கொடுப்பாள். பாசத்தில்தான் கூப்பிட்டாள். எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

கூசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் ஃப்ளோராவைக் கட்டியது பெரம்பூரில், ரயில்வேக் குடும்பத்தில். கல்யாணத்தன்று என் மாமனார் தன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "பையன் மெக்கானிக்கு, மீன் தொழில் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா புதுச் சட்டை போட்டு, கழுத்து வரைக்கும் பவுடர் பூசிக்கொண்டு, கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவராகப் போய் உட்கார்ந்தாரா, யாராவது உட்காரச் சொன்னார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் 'மீன் வண்டிகள் கழுவிக் காயவைத்த பிறகே பார்க்கப்படும்' என்று ஒரு போர்டும் மாட்டினேன். எல்லோரும் கழுவித்தான் கொண்டுவருவார்கள், போர்டுக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் மாட்டினேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் மாரியப்பன் வண்டியைக் கொண்டுவந்தான்.

"அண்ணாத்த, மீட்டர்ல எஞ்சின் படம் போட்ட மஞ்ச லைட்டு ஒண்ணு எரியுது. அது வந்தா வண்டி குலுக்குது, இழுக்க மாட்டேங்குது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் வுட்டா, தானா சரியாப் பூடுது. இன்னான்னே புரியல."

பார்த்தேன். வண்டி சுத்தமாக, காய்ந்து, எலுமிச்சை வாசனையோடு நின்றது. ஸ்டார்ட் செய்தால் பழைய எஞ்சின் என்றே சொல்ல முடியாது, அவ்வளவு அமைதி. ஸ்கேனர், ஒரு சிலிண்டர் அவ்வப்போது அடிக்காமல் விட்டிருக்கிறது என்று காட்டியது. பிளக் தேய்ந்திருந்தது, மாற்றினேன். லைட்டை அணைத்து அனுப்பினேன். சில நாளில் திரும்பி வந்தது. காயிலை மாற்றினேன். திரும்பி வந்தது. ஒயரை மாற்றினேன், பெட்ரோல் வரும் வழியெல்லாம் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஸ்கேனர் வெவ்வேறு கதை சொல்லும். நானே ஓட்டிப் பார்ப்பேன், தேரடி வரைக்கும் போய்த் திரும்புவேன். ஒரு குலுக்கல் இருக்காது. என் கண்முன்னால் அந்த வண்டி ஒரு நாளும் தப்பு செய்ததில்லை.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பேஜார் கிடையாது. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியை யார் வேண்டுமானாலும் சரி செய்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறு மெக்கானிக் கண்ணில் பட்டால்தான் உண்டு. அதுவரைக்கும் ஒரு ஜாக்கிரதைக்காக மாரியப்பனிடம், "லைட்டு எரிஞ்சா யோசிக்காத, உடனே ஓரங்கட்டு. ஆற விட்டு எடு" என்று சொல்லிவைத்தேன். பையன் சொன்ன பேச்சைத் தட்டமாட்டான். எரியும் ஒவ்வொரு தடவையும் ஓரங்கட்டினான். கொஞ்ச நேரத்தில் வண்டி சரியாகிவிடும், போய்விடுவான்.

கெங்கம்மாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் மண்டையில் சரக்கு இருந்தது. "டேய், கயுவின வண்டியவே பாத்துகினு இருந்தா உனுக்கு இன்னா தெரியும்? ஒரு நாளு வெடியக்காலம் எங்கூட வந்து குந்து. லோடு ஏத்தினப்புறம் பாரு அதும் ஆட்டத்த" என்றாள்.

"வரேன் பெரிம்மா" என்றேன். ஒரு நாள் முட்டி வலி என்றேன். ஒரு நாள் பூசைக்குப் போக வேண்டும் என்றேன். இன்னொரு நாள் ஃப்ளோராவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். எந்த நிலைமையில் கோளாறு வருகிறதோ அந்த நிலைமையில் வண்டியைப் பார்க்க வேண்டும், இது தொழிலில் அரிச்சுவடி. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போகவில்லை. போனால் துறைமுகத்துக்குள் நிற்க வேண்டும். அப்பாவுடன் படகேறிய ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், தோளில் கை போடுவார்கள். சட்டையில் ஐஸ் தண்ணி சொட்டும், அந்த வாசனையோடு வீட்டுக்குள் நுழைய வேண்டும். ஃப்ளோரா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், மேடம். போய்க் குளிங்க என்று துண்டை எடுத்துக் கொடுத்திருப்பாள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் ஒரு பெரிய கம்பெனி ஆபீசரின் கார் என் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அவரும் பக்கத்தில் நின்றிருந்தார். அப்போது பார்த்து கெங்கம்மா உள்ளே வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இன்னாடா இது? சரி பண்ணிட்டேன்னு சொல்லி அனுப்ச்ச. நேத்து எண்ணூராண்ட நின்னுகினு மீனெல்லாம் நாறிப் பூடுச்சி. புரியலன்னா புரியலன்னு சொல்லிடு கண்ணு, நான் பாடில ஒருத்தன் கீறானாம், அவங்கிட்ட இட்டுகினு போறேன். உங்கப்பன் படகு எஞ்சின் மேல கைய வெச்சே இன்னா கோளாறுன்னு சொல்லுவான். நீ இந்தப் பொட்டிய மாட்டிகினு கெடக்குற."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். திட்டவில்லை, கேலிதான் செய்தாள். ஆபீசரும் சிரித்தார். "உங்க அப்பா மீனவரா, ஜெரி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இல்ல சார். இந்தம்மா யாருன்னே எனக்குச் சரியாத் தெரியாது. எப்பவாவது வர்ற கஸ்டமர்" என்றேன்.

கெங்கம்மாவுக்கு அது கேட்டது. வெளியே போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, வண்டிச் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்பீடோ மீட்டரைக் கழற்றினேன். மஞ்சள் விளக்கின்மேல் கருப்பு டேப்பை மடித்து மடித்து ஒட்டி, வெளிச்சம் கசியாதபடி அடைத்து, பழையபடி மாட்டினேன். சின்ன வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம், அவள் பாடியில் இருக்கும் அந்த மெக்கானிக்கிடம் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் மாரியப்பன் வண்டியை எடுக்க வந்தான். சாவியைத் திருப்பியவன் மீட்டரையே பார்த்தான்.

"அண்ணாத்த, சாவி போட்டா அந்த மஞ்ச லைட்டு ஒரு தபா எரிஞ்சிட்டு அணையுமே. இப்ப எரியல?"

"கோளாறு இல்லாத வண்டில எதுக்குடா எரியணும்?" என்றேன்.

"அப்ப சரி. லேசாக் குலுங்கினா?"

"கெழட்டு வண்டி, லோடு வேற. குலுங்கத்தான் செய்யும். லைட்டு எரிஞ்சாத்தான் பயம். லைட்டு எரியலன்னா நீ பாட்டுக்குத் தைரியமா ஓட்டு."

இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இதை நான் சொன்னபடியே எழுத வேண்டும். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ராமசெல்விக்கு அப்போது மாசம். அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும், வண்டி சரியானது நல்லதாகப் போச்சு என்று போகிறபோக்கில் சொன்னான்.

அதன்பிறகு வண்டி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெங்கம்மா, சுத்தம் செய்து துண்டு போட்ட வஞ்சிரத்தை வாழையிலையில் கட்டி மாரியப்பனிடம் கொடுத்தனுப்பினாள். நான் அவளைத் தெரியாது என்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஃப்ளோரா குழம்பு வைத்தாள், இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். துறைமுகத்தில் கெங்கம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, சிலுவைமுத்து மகன் கை வைத்தால் வண்டி பேசும் என்று. அதைக் கேட்டு வேறு மீன் வண்டிகளும் வர ஆரம்பித்தன. எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றுதான் இருந்தது. ஆனால் வந்தவர்களிடம் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கப்பல் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், மற்ற லாரிகள் வலதுபக்கமாக வேகமாகப் போகும். அன்றைக்கு விடிந்துகொண்டிருந்த நேரம். வண்டி குலுங்கியிருக்கிறது. முன்பு என்றால் விளக்கு எரிந்திருக்கும், மாரியப்பன் இடம் பார்த்து ஓரங்கட்டியிருப்பான். இப்போது எரியவில்லை. நான் சொன்னபடி தைரியமாக வலதுபக்கமே ஓட்டியிருக்கிறான். லாரிகள் ஓடுகிற பாதையில் எஞ்சின் ஒரேயடியாக அணைந்துவிட்டது. ஸ்டியரிங்கை அவன் பிடித்தாக வேண்டும். அதனால் கெங்கம்மா இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினாள். "நீ திருப்புடா, நான் தள்றேன்" என்று சொன்னாளாம். அவளுக்கு அது புதுசில்லை, படகையே தள்ளியவள். பின்னால் வந்த கன்டெய்னர் நிற்கவில்லை.

கன்டெய்னர் டிரைவர்மேலும் கேஸ் இருக்கிறது. நடு ரோட்டில் ஒரு பொம்பளையை இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்னவன்மேல் என்ன கேஸ் என்று அவன் கேட்கிறான். ஊரும் அதைத்தான் கேட்டது. எஞ்சின் தானாக நின்றுவிட்டது, லைட்டு எரியவே இல்லை என்று மாரியப்பன் போலீசிடம் சொன்னான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து எனக்கு போன் வந்தது. விபத்து வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் மறுநாள் பார்க்க வருகிறார், வேன் வழியில் நிற்கிறது, ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கொடு என்றார்கள். ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனையில் நின்றது. கான்ஸ்டபிள் நிழலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டூல்ஸ் பையோடு போனேன். டேப்பை உரித்துவிட்டு வந்துவிட வேண்டும், மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

பின்பக்கத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். பெட்டிகள் உடைந்து மீனும் ஐஸும் முன்சீட்டு வரைக்கும் சரிந்து கிடந்தன. அவ்வளவு வருஷமாக எந்த வாசனைக்குப் பயந்தேனோ, அதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது மூக்குக்கே தெரியவில்லை. மீட்டரைக் கழற்றி டேப்பை உரித்தேன். சாவியைத் திருப்பினேன், மஞ்சள் விளக்கு எரிந்தது.

அப்போதுதான் சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் தகடு துருப்பிடித்து ஒரு கீறல் விட்டிருந்தது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் அது வழியாக இறங்கி, ஒரு ஒயர்மேல் ஓடி, நேராக ஒரு சென்சாரின் ஒயரை இணைக்கும் கப்ளருக்குள் போய்க்கொண்டிருந்தது. கப்ளரைக் கழற்றினேன், உள்ளே பச்சை பூத்து ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். லோடு இருந்தால் நனையும், எஞ்சின் சூட்டில் காயும், கழுவிக் காயவைத்து என்னிடம் கொண்டுவந்தால் ஒன்றும் இருக்காது. ஸ்கேனர் வெவ்வேறு கதை சொன்னதும் அதனால்தான். ஒரே ஒரு நாள் கெங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து போயிருந்தால் என் காலிலேயே சொட்டியிருக்கும்.

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் இங்கே வந்ததில் அர்த்தமில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். பின்னால் அவ்வளவு இருக்கும்போது, அவள் உட்கார்ந்த சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, கிடைச்சிடுச்சு என்று வாய்விட்டுச் சொன்னேன். கான்ஸ்டபிள் நிமிர்ந்து, "என்னங்க?" என்றார். ஒண்ணுமில்ல சார் என்றேன். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

கப்ளரை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். புதுசு ஒன்றை இணைத்து, கிரீஸ் வைத்து, டேப் சுற்றினேன். கீறலைத் துடைத்துப் பேஸ்ட் வைத்து அடைத்தேன். பேஸ்ட்டின் மேல் அழுக்கைத் தடவிப் பழசுபோல் ஆக்கினேன். சீட்டைப் போட்டு மூடினேன். வண்டி எப்படியும் ராமசெல்விக்குத்தான் போகும், நல்லபடியாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபோது எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்து அணைந்தது, வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பார்த்தார், ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. வண்டியில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதினார். "பழைய வண்டியா இருந்தாலும் நல்லா வெச்சிருக்காங்களே, யாரு பாக்குறது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன்.

மாட்டிக்கொள்வேனோ என்ற என் பயம் அங்கே தீர்ந்தது. மாரியப்பன் பொய்யன் ஆனதும் அங்கேதான். எஞ்சின் நின்றது என்றான், எஞ்சின் அழகாக ஓடுகிறது. லைட்டு எரியவில்லை என்றான், லைட்டு எரிகிறது. அப்படியென்றால் தூங்கி வழிந்திருக்கிறான், இல்லை போனைப் பார்த்திருக்கிறான், வண்டியை அணைய விட்டுவிட்டு அத்தையை இறக்கிவிட்டிருக்கிறான் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

கருமாதிக்குப் போயிருந்தேன். ராமசெல்வி வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, எங்கம்மா உன்ன சொந்தப் புள்ளயாட்டம் நெனச்சுது. எங்கிட்ட நெசத்த சொல்லு. அந்த லைட்டு எரியுமா எரியாதா?"

அத்தனை பேர் எதிரில் கேட்டாள். "எரியிற லைட்டுதாம்மா. இன்ஸ்பெக்டரே பாத்தாரு" என்றேன். பார்த்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அதைக் கேட்டு அவள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். "எங்கம்மாவ தின்னுட்டியேடா" என்றாள். அவன் துணிமணியை அன்றைக்கே தெருவில் எறிந்தாள். குழந்தை பிறந்ததுகூட அவனுக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். இன்னும் அவன் கையில் கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசையைத் தவறவிட்டேன் என்று சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. அவர் ஜெபம் சொல்லச் சொன்னார், முட்டி போட்டுச் சொன்னேன். எழுந்தபோது உண்மையாகவே கொஞ்சம் லேசாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

போன வாரம் மாரியப்பன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். என்மேல் சந்தேகப்பட்டு வரவில்லை. ஆள் பாதியாகியிருந்தான். குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணாத்த, நீதான் வண்டிய நல்லாத் தெரிஞ்சவன். ஒரு வேள லைட்டு எரிஞ்சி நான்தான் பாக்காம வுட்டுட்டனா? நெதம் கண்ண மூடினா அந்த மீட்டர்தான் வருது. சில நாளு எரியாத மாரி கீது, சில நாளு எரியிற மாரி கீது. எல்லாரும் எரிஞ்சிதுன்றாங்கோ. ராமசெல்வியும் அதான் சொல்லுது. அப்ப நான்தான் அத்தய சாவடிச்சிருக்கேன். கோர்ட்ல ஒத்துகினு உள்ள பூட்றேன். அப்பவாச்சும் கொயந்தய ஒரு தபா காட்டுவா இல்ல?"

அவன் கண் பார்த்ததை அவனே நம்பாமல் போய்விட்டான், மேடம். நான் விளக்கை மறைத்தேன், கோளாறை மறைத்தேன், அதெல்லாம் இரும்பும் ஒயரும். இது அப்படி இல்லை. அவன் போனபிறகு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவைக் கடைசி பெஞ்சில் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேனே, அன்று ஆரம்பித்த அழுகல் எங்கே வந்து நிற்கிறது என்று புரிந்தது. அசிங்கமாக இருந்தது. இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

இதோ, இதுதான் அந்தக் கப்ளர். உள்ளே பச்சை அப்படியே இருக்கிறது பாருங்கள். வண்டி இன்னும் ஸ்டேஷன் மனையில்தான் நிற்கிறது. சீட்டைத் தூக்கினால் நான் வைத்த புதுசும், பேஸ்ட்டும், ஒயரை வெட்டிய இடமும் தெரியும். தெரிந்த ஆள் யார் பார்த்தாலும், விபத்துக்குப் பிறகு கை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். மீட்டருக்குள் டேப்பின் பசையும் ஒட்டியிருக்கும். மாரியப்பனை விடுவிக்க இது போதும் என்று நினைக்கிறேன்.

டேப்பை உரித்ததோடு விட்டிருந்தாலே தப்பித்திருக்கலாமே, ஏன் ரிப்பேர் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். பயத்தில் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். பயம் இருந்தது உண்மை.

நீங்கள் எழுதியதை இப்போது படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. விளக்கை மறைத்தவன் நான். தைரியமாக ஓட்டு என்று சொல்லி அனுப்பியவன் நான். கெங்கம்மாவைக் கொன்றது நான், அவள் வளர்த்த பையன்மேல் அந்தப் பழியைப் போட்டதும் நான். எந்த ஜெயிலுக்கும் போகிறேன். ராமசெல்வி என் முகத்தில் துப்பினால் துடைக்காமல் நிற்பேன். பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்ற வேண்டும், மேடம். மேலே, ஆரம்பத்தில், 'பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாத மெக்கானிக்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை இல்லை. கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். நான் கண்டுபிடித்துவிட்டேன்.